பழக் காப்ளர்: ஓவன் இல்லாத வீட்டுக்கும் ஒரு பேக்கிங் பாடம்

பேக்கிங் கற்றுக்கொள்ள விரும்பும் சகோதரிகள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஓவன் வாங்கலாம்?" என்பதுதான். மாவு எப்படி உப்புகிறது, பழத்தின் நீர் எங்கே போகிறது என்பதெல்லாம் பிறகு. கற்றுக்கொள்ளும் முன்பே தவணையில் ஓவன் வாங்கி, நான்கு முறை கேக் செய்து பார்த்துவிட்டு, அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை. பணம் போனது ஒரு பக்கம். "எனக்குக் கை வராது" என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஆகவே இந்தப் பாடத்துக்கு, ஓவன் இல்லாமலே பரவிய ஓர் இனிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் காப்ளர். அமெரிக்க வீடுகளில் உணவுக்குப் பின் பரிமாறப்படும் பழ இனிப்பு. வீட்டில் இருக்கும் தேக்சாவில் இதை இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஓவன் வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

காப்ளர் என்றால் ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவர் என்றுதானே பொருள் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். சொல் அதேதான், ஆனால் இது சாப்பிடும் பண்டம். ஒரு பாத்திரத்தில் இனிப்பிட்ட பழத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் கெட்டியான மாவைக் கை போன போக்கில் உருண்டை உருண்டையாக இட்டு, மேலும் கீழும் வெப்பம் கொடுத்து வேக வைப்பது. வெந்து எடுத்தால், மேலே கூழாங்கல் பாவிய தெருவைப் போல மேடு பள்ளமாகப் பொன்னிறத்தில் இருக்கும். அடியில் பழம் தன் சாற்றிலேயே வெந்து பாகு போலக் கொதித்துக்கொண்டிருக்கும். அழகாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இதற்குக் கிடையாது. முதல் முறை பேக் செய்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் பழக்கப்பட்டது ஆவியில் வேகும் புட்டிங்கும், மாவுக் கூட்டுக்குள் பழம் வைத்த பையும். புதிய இடத்தில் அதற்கான சாமான்களும் வசதியும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கிடைத்த பழத்தின்மேல் கிடைத்த மாவை இட்டு மூடினார்கள். 1839ஆம் ஆண்டில் லெட்டிஸ் பிரையன் என்ற பெண்மணி வெளியிட்ட 'தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூலிலேயே பீச் பழக் காப்ளர் இடம்பெற்றிருக்கிறது. அந்த நூற்றாண்டில் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் பல மாதப் பயணம் போனபோது, காய வைத்த ஆப்பிளும் பீச்சும் மூட்டையில் போயின. அவற்றை ஊற வைத்து, வழியில் தங்கிய இடத்தில் திறந்த வெளியில் காப்ளர் செய்தார்கள்.

ஓவன் இல்லாமல் எப்படி? அவர்களிடம் இருந்தது 'டச்சு ஓவன்' என்ற ஒரு வார்ப்பிரும்புப் பாத்திரம். பெயர்தான் ஓவன், உண்மையில் அது மூடியுள்ள ஒரு கனத்த சட்டி. அடியில் மூன்று குட்டைக் கால்கள். மூடி தட்டையாக, ஓரம் சற்று உயர்ந்து இருக்கும், தணல் சரிந்து விழாதபடி. கீழே கொஞ்சம் கங்கு, மூடியின் மேல் நிறையக் கங்கு. அவ்வளவுதான்.

நிக்காஹ் வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பண்டாரி தேக்சாவை மூடி, அடி நெருப்பைத் தணித்து, மூடியின் மேல் கங்கை அள்ளிப் பரப்புவதும் இதே வேலைதான். ரவையும் முட்டையும் சேர்த்து மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் தம்மடையை நம் பாட்டிமார் எந்த ஓவனில் செய்தார்கள்? மேல் நெருப்பு, கீழ் நெருப்பு என்ற கணக்கு நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று பேக்கிங் என்ற பெயரில் படிக்கப்போகிறோம்.

சாமான்களில் கவனிக்க வேண்டியது

அமெரிக்கச் சமையல் குறிப்புகளை அப்படியே பின்பற்றும் முன், நமக்கு ஆகாதவை மூன்று அவற்றில் வரக்கூடும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பழைய குறிப்புகளில் மாவுக்கு 'லார்டு' சேர்க்கச் சொல்லியிருக்கும். அது பன்றிக் கொழுப்பு. அதற்குப் பதில் அதே அளவு வெண்ணெய் போதும், ருசியும் கூடுதல். அடுத்தது, பீச் காப்ளருக்கு மணம் ஊட்ட விஸ்கி வகையான 'பூர்பன்' சேர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. அதை விட்டுவிட்டால் எந்தக் குறையும் இல்லை. எலுமிச்சைச் சாறும் பட்டைத் தூளும் அந்த இடத்தை நிரப்பிவிடும். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. 'வனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று விற்கப்படுவதில், அமெரிக்க அரசின் விதிப்படியே, குறைந்தது 35 சதவீதம் எத்தில் ஆல்கஹால் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் குப்பியின் லேபிளைப் படித்துப் பாருங்கள். வனிலாத் தூள் கிடைத்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் இரண்டு ஏலக்காய் தட்டிப் போடுங்கள். என் கணிப்பில் மாம்பழத்துக்கும் பீச்சுக்கும் வனிலாவைவிட ஏலக்காய் பொருத்தம்.

ஆறு முதல் எட்டுப் பேருக்கான அளவு இது. பீச் பழம் ஒரு கிலோ. கொட்டையும் தோலும் போக முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் தேறும். பழத்துக்குச் சர்க்கரை 80 கிராம், கார்ன்ஃப்ளார் ஒன்றரை டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், பட்டைத் தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. மேல் மாவுக்கு மைதா 150 கிராம், அதாவது ஒன்றேகால் கப். சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், குளிர்ந்த பால் ஏறக்குறைய 100 மில்லி. உப்பிட்ட வெண்ணெய் என்றால் மாவில் உப்பு வேண்டாம். மைதாவில் பாதியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவு சேர்க்கலாம். பால் இரண்டு ஸ்பூன் கூடுதலாகக் குடிக்கும், நிறம் சற்று மங்கும், ருசி கெடாது.

பழத்தின் நீர்

காப்ளர் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மேல் மாவு மேலே வெந்திருக்கும். கரண்டியால் புரட்டினால் அடிப்பக்கம் வேகாமல் களி போல ஒட்டும். பழத்தில் பெரும்பகுதி நீர். சர்க்கரை பட்டதும் அந்த நீர் வெளியே வரும். குளிர்ந்த பழத்தின்மேல், குளிர்ந்த சாற்றின்மேல் மாவை இட்டால், பழம் சூடேறும் வரை மாவின் அடிப்பகுதி ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். மேல்பக்கம் சிவந்துவிடும், அடி பச்சையாக நிற்கும்.

இதற்கு மருந்து எளிது: பழத்தை முதலில் சூடாக்குங்கள், பிறகு மாவை இடுங்கள். பழம் கொதித்துக்கொண்டிருக்கும்போது மாவு அதன்மேல் விழுந்தால் விழுந்த கணத்திலேயே அடிப்பக்கம் வேகத் தொடங்கிவிடும். கொழுக்கட்டையைத் தண்ணீர் கொதித்த பிறகு ஆவியில் வைக்கிறோமே, அதே காரணம்தான்.

பீச்சின் தோலை உரிக்க, பழத்தின் அடியில் கத்தியால் சிலுவைபோல் லேசாகக் கீறி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். பழுத்த பழமென்றால் தோல் தானாகக் கழன்று வரும். காயாக இருந்தால் வராது, கத்தியால் சீவிக்கொள்ளலாம். கொட்டை சதையை விட்டுப் பிரியும் ரகமும் உண்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் ரகமும் உண்டு. ஒட்டும் ரகமென்றால் மாங்காயைச் சீவுவதுபோல் கொட்டையைச் சுற்றிச் சீவி எடுங்கள். கொட்டையை உடைத்தால் பாதாம்போல ஒரு பருப்பு வரும். அதைப் பிள்ளைகள் தின்ன விடாதீர்கள். வயிற்றுக்குள் போனதும் சயனைடாக மாறக்கூடிய பொருள் அதில் இருக்கிறது.

துண்டுகளைச் சர்க்கரையில் புரட்டி அரை மணி நேரம் வைத்தால் அடியில் சாறு தேங்கும். அந்தச் சாற்றை வடித்து, அதில் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்து, எலுமிச்சைச் சாறும் பட்டைத் தூளும் உப்பும் சேர்த்து மறுபடி பழத்தோடு கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். அது பழம் கறுக்காமல் காக்கும். வெறும் இனிப்பாக இருப்பதற்குப் பழ ருசி கொடுக்கும். கார்ன்ஃப்ளார் இல்லாத வீட்டில் கூவைக்கிழங்கு மாவு அதே வேலையைச் செய்யும். மைதாவும் செய்யும், ஆனால் சாறு பளபளப்பாக இருக்காது.

மேல் மாவு

மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, நம் ஊர் வெயிலுக்கு ஃப்ரீசரில் ஒரு கால் மணி நேரம் வைத்து எடுத்து, விரல் நுனியால் மாவில் தேய்த்துவிடுங்கள். உள்ளங்கை படக்கூடாது, கைச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். எந்தப் பதம் என்றால், புட்டு மாவுப் பதம். அதில் பட்டாணி அளவில் வெண்ணெய்க் கட்டிகள் சில தங்கியிருந்தால் நல்லது. அடுப்பின் சூட்டில் அந்தக் கட்டிகள் உருகி, வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகி, இருந்த இடத்தில் சிறு இடைவெளியை விட்டுப் போகும். மேல் மாவு பொலபொலவென்று இருப்பதன் ரகசியம் அதுதான்.

பாலை ஒரேயடியாக ஊற்றாமல், மாவு ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் விட்டு, முள்கரண்டியால் கிளறி நிறுத்திவிடுங்கள். பிசையக் கூடாது. மைதாவைப் பிசையப் பிசைய அதிலுள்ள குளூட்டன் வலைபோல் இறுகும். பரோட்டாவுக்கு வேண்டியது அந்த இறுக்கம், இதற்கு ஆகாது. கரண்டியால் எடுத்தால் தொப்பென்று விழவேண்டும், வழியக் கூடாது. மெதுவடை மாவைவிடச் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். பார்க்க அலங்கோலமாக இருக்கிறதே என்று மறுபடி கிளறப் போகாதீர்கள்.

பேக்கிங் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆப்ப சோடாவும், உலர்ந்த அமிலப் பொருளும், ஈரத்தை உறிஞ்சும் ஸ்டார்ச்சும் சேர்ந்த கலவை. ஈரமும் சூடும் பட்டதும் சோடாவும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும்; அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. கடலோர ஊர்களில் டப்பாவைத் திறந்து சில மாதங்கள் ஆகிவிட்டால் காற்றின் ஈரத்திலேயே அது செயலிழந்துபோகும். கால் கப் சுடுநீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். சுரீரென்று நுரைத்தால் நல்லது. சோம்பலாக நாலு குமிழி வந்தால் மாற்றிவிடுங்கள். கைவசம் ஆப்ப சோடா மட்டும்தான் என்றால், கால் டீஸ்பூன் சோடாவும், பாலுக்குப் பதிலாகப் புளித்த கெட்டி மோரும் சேருங்கள். மோரின் புளிப்பே அமிலத்தின் வேலையைச் செய்துவிடும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். "நன்றாக உப்பட்டுமே" என்று கை தாராளம் காட்ட வேண்டாம்.

தணல் மேல், தணல் கீழ்

எந்தப் பாத்திரம்? அலுமினிய தேக்சாவில் நேரடியாகப் பழத்தை இட வேண்டாம். புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரியும், நிறமும் ருசியும் மாறும், அடியும் பிடிக்கும். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பழத்தை இட்டு, அந்தக் கிண்ணத்தைத் தேக்சாவுக்குள் ஒரு வளையத்தின் மேல் வையுங்கள். தேக்சா கனமானதாக இருக்கட்டும். மூடியில் பிளாஸ்டிக் குமிழ் இருக்கக் கூடாது. தேக்சாவில் முந்தைய பிரியாணியின் வெங்காய, மசாலா வாடை இருந்தால் வெண்ணெய் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெறுமனே ஒரு முறை சூடு காட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

கரியை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ மட்டும் மூட்டுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடைத்த சமையலறையில், அதுவும் மழைநாளில் கதவைச் சாத்திக்கொண்டு கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைசுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். பிள்ளைகளை மூடியின் பக்கம் அண்ட விடாதீர்கள்.

கரி முழுவதும் பிடித்து மேலே சாம்பல் பூத்த பிறகு, மூன்றில் ஒரு பங்கை அடியில் பரப்பி, மீதி இரண்டு பங்கை மூடியின் மேல் பரப்புங்கள். ஏன் இந்தக் கணக்கு? கீழே இருப்பது சர்க்கரைச் சாறு, அதிகச் சூட்டில் கருகிவிடும். மேலே இருப்பது மாவு, அது சிவக்க வேண்டும். மூடியில் கங்கு இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. சூடான மூடியில் ஆவி நீராகத் தேங்காது. மூடி குளிர்ந்திருந்தால் ஆவி திரண்டு சொட்டுச் சொட்டாக மாவின்மேல் விழுந்து, மேல்பக்கத்தை இட்லி போல ஆக்கிவிடும்.

முதலில் பழக் கிண்ணத்தை மட்டும் வைத்து மூடி, ஓரத்தில் குமிழி வரும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு திறந்து, மாவை எட்டு ஒன்பது இடத்தில் கரண்டியால் இடுங்கள். உருண்டைகளுக்கு நடுவே பழம் தெரியட்டும். ஆவி வெளியேற அந்த இடைவெளி தேவை. மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி மூடிவிடுங்கள். இருபத்தைந்து நிமிடம் வரை திறக்க வேண்டாம். முப்பது முதல் நாற்பது நிமிடத்துக்குள் ஆகிவிடும், கங்கின் வீரியத்தைப் பொறுத்து.

வெந்ததை எப்படி அறிவது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் மிகப் பெரிய உருண்டையைக் கரண்டியால் சற்றே தூக்கி அடியைப் பாருங்கள். பச்சை மாவாக மினுங்கினால் இன்னும் ஐந்து நிமிடம். ஓரத்துச் சாறு தண்ணீராகத் துள்ளினால் ஆகவில்லை. பாயசம்போல் மெதுவாகக் 'களக் களக்' என்று கொதித்தால் கார்ன்ஃப்ளார் வெந்து கெட்டியாகிவிட்டது என்று பொருள். காதும் ஒரு கருவிதான். எட்னா லூயிஸ் (1916–2006) என்ற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர், கேக் வெந்துவிட்டதா என்பதை அதன் அருகில் காதை வைத்துக் கேட்டே சொல்வார். வேகாத கேக்கில் ஈரம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் அனுபவம். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் சேர்ந்து வர்ஜீனியாவில் உருவாக்கிய ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். அவருடைய பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அந்த ஊர்ச் சமையலைப் பற்றி 1976இல் அவர் எழுதிய 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' இன்றும் மதிக்கப்படும் நூல். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் ஞாயிறு விருந்தில் பீச் காப்ளருக்கு நம் வீட்டு வட்டிலப்பத்துக்கு உள்ளது போன்ற ஓர் இடம் உண்டு.

இறக்கியவுடன் பரிமாறாதீர்கள். இருபது நிமிடமாவது ஆற வேண்டும். சாறு இறுகுவதும் அப்போதுதான். கொதிக்கும் சர்க்கரைச் சாறு பிள்ளைகளின் நாக்கைப் புண்ணாக்கிவிடும் என்பதும் உண்டு.

கரி வசதியில்லாத வீட்டில் கேஸ் அடுப்பிலும் செய்யலாம். தேக்சாவின் அடியில் ஒரு விரல் கனம் உப்பு அல்லது சுத்தமான மணல் பரப்பி, வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். உள்ளே பழக் கிண்ணம், பிறகு மாவு, அதே முறைதான்; நேரம் மட்டும் பத்து நிமிடம் கூடும். இன்னொரு அடுப்பில் கனமான இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, இடுக்கியால் எடுத்து மூடியின் மேல் வையுங்கள். ஆறியதும் மறுபடி காய வைத்து வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மூடியை ஒரு விரற்கடை விலக்கினால் ஆவி போகும். இவ்வளவு செய்தும் கரியில் வரும் சிவப்பு வராது. வெளிறி இருந்தாலும் உள்ளே வெந்திருக்கும், ருசியில் பெரிய குறை இல்லை. பிரஷர் குக்கரில் செய்பவர்கள் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தைச் சூடான மணலின்மேல் வைக்கவே கூடாது, வெடித்துவிடும்.

ஏற்கெனவே ஓவன் உள்ளவர்களுக்கு: 190 டிகிரி செல்சியஸ், நடுத் தட்டு, பழம் மட்டும் பத்து நிமிடம், மாவு இட்டபின் முப்பது நிமிடம். மைக்ரோவேவ் மட்டும் செய்யும் ஓவனில் மாவு சிவக்காது, முயல வேண்டாம்.

நம் சந்தையில் எந்தப் பழம்?

பீச்சும் பிளம்ஸும் நம் மாநிலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகின்றன. கோடையில் சமவெளிக்கும் வரும். பிளம்ஸ் புளிப்பு, அதற்குச் சர்க்கரை இருபது கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். தோல் உரிக்க வேண்டாம், வெந்தால் சிவப்புச் சாறு கண்ணைப் பறிக்கும். மாம்பழத்தில் நார் இல்லாத பங்கனப்பள்ளி போன்ற ரகம், அதுவும் முழுதாகக் கனியாமல் கெட்டியாக இருப்பது நல்லது. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சையை இரட்டிப்பாக்குங்கள். அன்னாசியை முன்கூட்டியே தனியாக வேக வைத்து நீர் வற்றச் செய்த பிறகே சேர்க்க வேண்டும். ஆப்பிள் கெட்டிப் பழம்; மெல்லிசாக நறுக்கி ஐந்தாறு நிமிடம் வதக்கிச் சேருங்கள், கார்ன்ஃப்ளார் பாதி போதும். வளைகுடாவிலிருந்து வந்த உலர்ந்த ஏப்ரிகாட் அலமாரியில் இருந்தால் இரவு முழுவதும் ஊற வைத்து ஆப்பிளோடு கலக்கலாம். வண்டிகளில் மேற்கே போனவர்கள் செய்ததும் அதுதானே! வாழைப்பழமும் சப்போட்டாவும் இதற்குச் சரிப்படாது. புளிப்பே இல்லாததால் திகட்டும். தர்பூசணி வெறும் தண்ணீர்.

மாலை நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் கூறு கட்டி விலை குறைத்துத் தரும் பழங்கள் இதற்கு மிகவும் பொருத்தம். அடிபட்ட இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ஆனால் பூஞ்சை பிடித்ததோ, புளித்த வாடை அடிப்பதோ என்றால் சிக்கனம் பார்க்காமல் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

பழம்தானே, உடம்புக்கு நல்லதுதானே என்று வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம் நிறைய வைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன அளவை எட்டுப் பங்காக்கினால், ஒரு பங்கில் சேர்த்த சர்க்கரை மட்டும் 13 கிராம், அதாவது மூன்று டீஸ்பூனுக்கு மேல். பழத்தின் இனிப்பும் மைதாவும் தனி. சேர்த்த சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதி இந்த ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. நம் வீடுகளும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. அப்பெரியவர்களுக்குச் சர்க்கரை சேர்க்கும் முன்பே பழத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவைத்துக் கொடுப்பதே முறை. மனம் கேட்காவிட்டால் மேல் மாவு ஒரு கரண்டி. அமெரிக்கர்கள் இதன்மேல் வனிலா ஐஸ்கிரீம் வைப்பார்கள்; சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நல்ல சேர்க்கைதான். வாரா வாரம் செய்கிற வீட்டில் அது வேண்டாம்.

வீட்டிலிருந்தே விற்கலாமா என்று கேட்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காப்ளர் விற்பனைக்கு ஏற்ற பண்டம் அல்ல. செய்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மேல் மாவு அடியிலிருந்து சாற்றைக் குடித்து நமத்துவிடும். டப்பாவில் அடைத்தால் இன்னும் சீக்கிரம். வாடிக்கையாளர் திறந்து பார்க்கும்போது கூழாக இருக்கும், கெட்ட பெயர் உங்களுக்கு. விற்பதற்கு பிஸ்கட், ரஸ்க், பழக் கேக் என்று நாள்படத் தாங்குபவை இருக்கின்றன. இது கூடி உட்கார்ந்து, பாத்திரத்தை நடுவில் வைத்து, அப்போதே தின்று முடிக்க வேண்டியது. ஜார்ஜியா மாநிலத்தில், பீச் கவுண்டி என்றே பெயர் கொண்ட மாவட்டத்தின் தலைநகரான ஃபோர்ட் வேலியில், ஆண்டுதோறும் ஜூன் மாத பீச் திருவிழாவில் ஏறத்தாழ 11 அடி நீளம், 5 அடி அகலத்தில் பிரம்மாண்டமான காப்ளர் ஒன்றைச் செய்கிறார்கள். அதை யாரும் விலைக்கு விற்பதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

மிஞ்சிப் போனால் மேல் மாவையும் பழத்தையும் தனித்தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மறுநாள் மாவுத் துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் விடாமல் இருபுறமும் வாட்டினால் முறுமுறுப்பு திரும்பி வரும். பழத்தைத் தனியே கொதிக்க வைத்து, அதன்மேல் அவற்றை வைத்துக் கொடுக்கலாம். மிஞ்சிய பழச் சாறு மட்டும் என்றால், காலையில் பிள்ளைகளின் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.